மருத்துவமனைப் பணியா, சொந்தக் கிளினிக்கா?

குடும்ப மேடை



இம்மாதம் நமக்கு வந்துள்ள கடிதங்களுள் ஒன்று, பணி ஓய்வு பெற்ற ஒரு தந்தை எழுதியது. அவருடைய ஒரே மகள் பல் மருத்துவப் படிப்பின் நான்கு ஆண்டுகளையும் நன்முறையில் முடித்து, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியின் இறுதித் திங்களில் இருக்கிறார். அருட்சகோதரிகள் நடத்தும் மருத்துவமனை ஒன்று அவரைப் பணிக்கு அழைத்துள்ளது, ஊதியம் சொற்பம். மற்றொரு பக்கம் நல்ல கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. திருமணத்திற்கு முன்பே பெண்ணின் பெயரில் ஒரு கிளினிக் அமைத்துக் கொடுத்துவிட்டால் நல்லது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியுள்ளனர். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கத் தந்தையார் ஆயத்தமாகிவிட்டார். "என் மனைவி மருத்துவமனை என்கிறாள், நான் கிளினிக் என்கிறேன், மகளோ வாய் திறக்கவில்லை. இவற்றுள் இறைவனுக்கு உகந்தது எது?" என்று கேட்டிருக்கிறார். (பிறரை வாய் திறக்கச் சொல்லும் தொழிலுக்குப் படித்தவர், தம் வீட்டில் வாய் திறவாதிருப்பது கவனிக்கத்தக்கது. அதற்குப் பின்னர் வருவோம்.)

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுவோம். மருத்துவமனை என்றால் தொண்டு, கிளினிக் என்றால் வியாபாரம் என்று நம் குடும்பங்களில் ஒரு கணக்கு இருந்து வருகிறது. இக்கணக்கு சரியன்று. கட்டணமில்லாத மருத்துவமனையிலும் நோயாளியின் முகத்தை ஏறிட்டுப் பாராமல், வரிசை குறைந்தால் போதுமென்று பல்லைப் பிடுங்கி அனுப்புகிறவர் உண்டு. கடைத்தெருவின் மாடியறையில் ஒற்றை நாற்காலியை வைத்துக்கொண்டு, கையில் காசில்லாதவரின் வலியைத் தீர்த்து, பணத்தைப் பிறகு கொடுங்கள் என்று அனுப்புகிறவரும் உண்டு. நம் நாட்டில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்குப் பணம் கொடுத்து உதவியது, அவரே நடத்திய நியூயார்க் சோடா பவுண்டன் என்னும் ஐஸ்கிரீம் கடை! பல்லுக்குப் பகையான இனிப்பை விற்ற காசில் பல் மருத்துவம் தழைத்தது என்று எண்ணிச் சிரிக்கலாம். ஆனால் அக்கல்லூரியை அவர் 1949இல் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்துவிட்டார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பணம் எவ்வழியில் வந்தது என்பது மட்டுமன்று, எவ்வழியில் சென்றது என்பதும் தொழிலின் தன்மையைக் காட்டும். ஆகவே ஐயா, இரண்டு வழியும் இறைவனுக்கு உகந்ததே. தங்கள் மகளுக்கு இப்போது, இந்த வயதில், எது ஏற்றது என்பதே நாம் பேச வேண்டிய பொருள்.

எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் படிப்பதுதானே இது, இதற்கு ஏன் மருத்துவமனை என்று உறவினர் சிலர் பேசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குப் பல்வலி வந்து ஓர் இரவு உறக்கமின்றிக் கழிந்தால் இப்பேச்சு நின்றுவிடும். 249ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரில் கிறிஸ்தவர்களைத் தாக்கிய கூட்டத்தார், அப்பொல்லோனியா என்னும் வயது முதிர்ந்த கன்னிகையின் பற்களை அடித்து நொறுக்கினர் என்றும், விசுவாசத்தை மறுதலிக்க மனமின்றி அவர் தீயில் பாய்ந்து உயிர் நீத்தார் என்றும் அந்நகர ஆயர் தியோனீசியுஸ் தம் மடலொன்றில் எழுதி வைத்தார். பிற்கால ஓவியர்கள் அவரை இளம் பெண்ணாக வரைந்து, கையில் குறடும் பல்லும் கொடுத்துவிட்டனர். பல்வலியால் துன்புறுவோருக்கும் பல் மருத்துவர்களுக்கும் அவரே பாதுகாவலர். திருநாள் பிப்ரவரி 9. வலியைத் தீர்க்கும் தொழிலில் பெரியது சிறியது என்னும் பேச்சுக்கு இடமில்லை.

மருத்துவமனை இளம் பல் மருத்துவருக்குக் கொடுப்பது யாது? ஊதியத்தை விடப் பெரிதான ஒன்றைக் கொடுக்கிறது. பல்லுக்குப் பின்னால் ஒரு முழு மனிதர் இருக்கிறார் என்பதை அங்கேதான் கை பழகிக்கொள்ளும். சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவருக்கு ஈறு நோய் எளிதில் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவருக்கு, முன்னதாக உரிய மருந்து கொடுக்காமல் பல்லைப் பிடுங்கினால், வாயிலுள்ள கிருமி இரத்தத்தின் வழியே சென்று வால்வைத் தாக்கக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவருக்குப் பல் எடுத்த குழியிலிருந்து இரத்தம் நிற்காமல் போகலாம். கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்து வீங்கி, மூச்சு அடைபட்டு நள்ளிரவில் கொண்டுவரப்படுகிற நோயாளியைத் தனியறைக் கிளினிக்கில் காப்பது அரிது. மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் இருக்கிறார், இரத்தம் கிடைக்கிறது, பக்கத்து அறையில் பொது மருத்துவர் இருக்கிறார். மோட்டார் சைக்கிள் விபத்தில் தாடை உடைந்து வருகிறவர்களையும் அங்கேதான் பார்க்க இயலும்.

புற்றுநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் பழக்கம் நம்மிடையே இன்றும் ஒழியவில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 2013இல் குட்கா தடை செய்யப்பட்டது; எனினும் பழக்கத்தைச் சட்டம் மட்டும் நிறுத்திவிடாது. வாய் சிறுகச் சிறுகத் திறக்க முடியாமற் போவது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகுவது, ஆறாத புண் – இவற்றை முதலில் காண்கிறவர் பெரும்பாலும் பல் மருத்துவரே. பல்லை அடைத்துக்கொள்ள வந்தவரின் நாக்கைத் தூக்கி அடியில் பார்க்கும் ஒரு நிமிடப் பழக்கம் ஓர் உயிரைக் காக்கலாம். இந்தப் பழக்கம் முதிர்ந்த மருத்துவர்களின் பக்கத்தில் நின்று பழகுவதால் வருவது.

மருத்துவமனைக்கும் குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. சிறிய மருத்துவமனைகளில் பல் பிரிவு என்பது தாழ்வாரக் கோடியில் ஒரு நாற்காலியாக இருப்பதும், வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பல் பிடுங்குவதோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு. அவ்வாறாயின் வேர்ச் சிகிச்சை, பல் கட்டுதல் போன்ற நுட்பமான வேலைகளில் கை மரத்துப்போகும். இன்னும் சில பெரிய தனியார் மருத்துவமனைகளில் மாதம் இவ்வளவு வருவாய் காட்ட வேண்டும் என்று இலக்கு வைக்கின்றனர். அத்தகைய இடத்தில் மருத்துவமனை என்னும் பெயர்ப்பலகையைத் தவிர, நான் மேலே சொன்ன நன்மைகளில் எதுவும் இராது. ஆகவே தங்கள் மகள் சம்மதம் சொல்லுமுன், அந்தச் சகோதரிகளின் மருத்துவமனைக்கு ஒரு நாள் நேரில் சென்று, காலை முதல் மாலை வரை அங்கு என்ன வேலை நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்து வரட்டும். கேட்டால் சகோதரிகள் மறுக்கமாட்டார்கள்.

இனி கிளினிக். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமை, கிளினிக் தொடங்குவோருக்கென்றே சொல்லப்பட்டதுபோல் இருக்கிறது. நாற்காலி ஒன்றோடு முடிவதில்லை. காற்றழுத்தத்திற்குக் கம்ப்ரசர், கருவிகளைக் கிருமி நீக்க ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே கருவி, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர், கடைக்கு முன்பணம், மாத வாடகை, உதவியாளர் சம்பளம், பற்களைச் செய்து தரும் ஆய்வுக்கூடத்திற்குக் கொடுக்க வேண்டிய தொகை எனச் செலவு நீளும். சட்டத்தின் கடமைகளும் உண்டு. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் சட்டத்திற்கு 2018இல் விதிகள் வகுக்கப்பட்டன. அதன்படி கிளினிக்கைப் பதிவு செய்தல் வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சையும் ஊசியையும் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி அகற்ற வேண்டும். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்துவிட்டதால், ஒவ்வொரு நோயாளிக்கும் செய்ததை எழுதி வைத்தலும் இன்றியமையாதது. கல்லூரியை விட்டு நேரே வருகிற பிள்ளை இவ்வளவையும் முதல் நாளே சுமக்க வேண்டும். வருமானமோ முதல் நாளே வந்துவிடாது. புதிய கிளினிக்கில் நாளிதழ் படித்தே கழியும் மாலைகள் பல.

ஆனால் செலவை விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தந்தையார் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

காய்ச்சலுக்குப் பொது மருத்துவரிடம் செல்கிறோம். அவர் சீட்டு எழுதுகிறார். மருந்தை வேறொருவர் விற்கிறார். இரத்தத்தை வேறொருவர் சோதிக்கிறார். பல் மருத்துவத்தில் அப்படியன்று. நோய் இன்னதென்று சொல்பவரும், இந்தச் சிகிச்சை வேண்டுமென்று சொல்பவரும், அதைச் செய்பவரும், அதற்கு விலை வைப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. நோயாளிக்கோ தம் வாய்க்குள் நடப்பது தெரியாது. கடைவாய்ப் பல்லில் ஒரு சிறு சொத்தை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சுரண்டி அடைத்தால் போதும், கட்டணம் சிறிது. வேர்ச் சிகிச்சை செய்து, பல்லைச் செதுக்கி, மேலே உறை போட்டால் கட்டணம் பன்மடங்கு. சொத்தை ஆழத்தில் நரம்புக்கு அருகே இருக்குமானால் இரண்டாவது சிகிச்சையே முறையானது. ஆழமா, ஆழமில்லையா என்று எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லப் போகிறவர் தங்கள் மகள். மாதம் பிறந்தால் வங்கித் தவணை. தந்தையின் வீட்டுப் பத்திரம் வங்கியில். அந்த மாதம் நோயாளிகள் குறைவு. இத்தகைய ஒரு மாலையில் எக்ஸ்ரேயில் அந்தச் சொத்தை கொஞ்சம் ஆழமாகத் தோன்றாது என்று யார் உறுதி கூற முடியும்? அவர் பொய் சொல்லமாட்டார்; நல்ல பிள்ளை. ஆயினும் கடன் மனிதனின் கண்ணை மெல்ல மெல்ல மாற்றிவிடும். ஒரு முறை செதுக்கிய பல் மீண்டும் வளராது. கைதேர்ந்து, தம் தீர்ப்பில் உறுதி பெற்ற மருத்துவர் இச்சோதனையைத் தாங்குவார். இருபத்து மூன்று வயதில், அருகில் கேட்டறிய ஒருவரும் இன்றி, இதில் தனியே நிறுத்துவது அவருக்குச் செய்யும் நன்மையாகாது.

2020ஆம் ஆண்டை நாம் மறந்திருக்கமாட்டோம். மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, வாயைத் திறந்து செய்ய வேண்டிய தொழிலாதலால் பல் கிளினிக்குகள் வாரக்கணக்கில் அவசர நோயாளிகளைத் தவிர யாரையும் பார்க்க முடியாத நிலை ஏற்பட்டது. வாடகையும் தவணையும் ஊரடங்கில் அடங்கவில்லை. பிள்ளைப்பேற்றுக் காலமும் அவ்வாறே. பத்து பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு 2017 முதல் முதலிரு பிள்ளைகளுக்கு 26 வார ஊதியத்துடன் விடுப்பு உண்டு. சொந்தக் கிளினிக் நடத்தும் தாய்க்கு விடுப்பு கொடுப்பவர் யார்? திருமணத்தையும் கிளினிக்கையும் ஒரே ஆண்டில் வைத்துக்கொள்ள எண்ணும் இரு குடும்பத்தாரும் இதைப் பற்றிப் பேசியதாகக் கடிதத்தில் ஒரு குறிப்பும் காணோம்.

அரசுப் பணியைப் பற்றிச் சுருக்கமாக. 2012இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், பல் மருத்துவர்களையும் தேர்வு வைத்து எடுக்கிறது. இடங்கள் குறைவு, எழுதுவோர் மிகுதி. அறிவிப்பு எப்போது வருமென்று காத்திருந்து காலத்தைக் கழிக்கலாகாது. வேறு வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். படைத்துறையிலும் 1941 முதல் தனிப் பல் மருத்துவப் பிரிவு உண்டு. அதற்கு மன உறுதியும் உடல் உறுதியும் வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டாரின் சொல்லுக்கு வருகிறேன். கிளினிக் பெண்ணின் பெயரில்தானே இருக்கப் போகிறது, இதில் தவறென்ன என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். திருமணத்தை முன்னிட்டு ஒரு தரப்பார் கேட்டு, மறு தரப்பார் கொடுக்கும் சொத்து, 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி வரதட்சணையே, கேட்பதே குற்றம். நகையாகக் கேட்டாலென்ன, நாற்காலியாகக் கேட்டாலென்ன? அவர்கள் தீய எண்ணத்துடன் கேட்டிருக்கமாட்டார்கள். மருமகள் தொழில் செய்து முன்னேற வேண்டுமென்று நினைத்தே கேட்டிருக்கலாம். அப்படியானால், "எங்கள் மகள் சில ஆண்டுகள் மருத்துவமனையில் பழகிவிட்டு, பிறகு தாமே முடிவு செய்வார்" என்று தாங்கள் பதில் சொல்லும்போது அவர்கள் மகிழ்ந்து ஏற்பார்கள். ஏற்காவிட்டால், அவர்கள் விரும்பியது மருமகளையா கிளினிக்கையா என்பது திருமணத்திற்கு முன்பே தெரிந்துவிடும். பங்குத்தந்தையை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்களும் இப்பத்திரிகையைப் படிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மருத்துவராகப் பணியாற்றிவிட்டு 1920இல் குண்டூருக்கு வந்து துறவியான சகோதரி மேரி குளோரி, 1943இல் நம் நாட்டுக் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரே சங்கமாக இணைத்தார். அந்த மரபில் வந்த நிலையங்கள் எளியோருக்குச் செய்துவரும் தொண்டு நம் திருச்சபையின் பெருமை. ஆனால் தொண்டு செய்ய வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் துறவியர். அங்கு பணிபுரியும் இளம் மருத்துவர் அன்று. அவருக்குக் கல்விக் கடனும் வயது முதிர்ந்த பெற்றோரும் உண்டு. உழைப்பவருக்கு நியாயமான ஊதியம் வேண்டுமென்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் ரேரும் நோவாரும் சுற்றுமடலில் உலகுக்கு எடுத்துரைத்தார். அதைப் பிரசங்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் சம்பளப் பட்டியலிலும் காட்டுவது நலம். ஆகவே ஐயா, ஊதியம் பற்றிக் கேட்பதற்குத் தங்கள் மகள் கூச வேண்டாம். நியமனக் கடிதம் எழுத்தில் வேண்டும். பணி நேரம், விடுப்பு, சேமநிதி, எத்தனை ஆண்டுகள் கட்டாயம் இருக்க வேண்டும், மாலையில் வேறிடத்தில் வேலை செய்யலாமா என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இனி என் கருத்து. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மருத்துவமனையில் இருக்கட்டும். மருத்துவமனை இசையுமானால், வாரத்தில் இரண்டு மாலை அனுபவமுள்ள ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் உடனிருந்து, அடைத்தலையும் வேர்ச் சிகிச்சையையும் பல் கட்டுதலையும் பழகட்டும். கணக்கு வழக்கையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். பிறகு கிளினிக் வைக்க விரும்பினால், வாடகை அறையில், ஒரே நாற்காலியுடன், தம் சம்பாத்தியத்தைக் காட்டிப் பெறக்கூடிய சிறு கடனில் தொடங்கட்டும். தந்தையின் வீடு வீடாகவே இருக்கட்டும்.

எங்கு வைப்பது என்பதும் சிந்தனைக்குரியது. நகரங்களில் ஒரே தெருவில் மூன்று பல் கிளினிக் பலகைகளைப் பார்க்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள மிகுதியான ஃபுளோரைடினால் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறிக் குழி விழுந்து போவது நெடுநாளைய துன்பம். அதைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. பல் கறையின் காரணமாகச் சிரிக்க நாணி வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்பிள்ளைகள் அப்பகுதியில் உண்டு. அத்தகைய சிற்றூர் ஒன்றில் நியாயக் கட்டணத்தில் நடத்தப்படும் கிளினிக், எந்தத் தொண்டு மருத்துவமனைக்கும் குறைந்ததன்று. போட்டியும் குறைவாதலால் பிழைப்பும் நடக்கும்.

இவையெல்லாம் நான் சொல்வது. தங்கள் மகள் என்ன சொல்கிறார்? தாயாரின் விருப்பம் இரண்டு வரி, தங்கள் விருப்பம் இரண்டு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் விருப்பம் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நாற்காலியின் பக்கத்தில் முப்பது ஆண்டு நிற்கப் போகிறவரின் விருப்பத்தைக் காணோம். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், பத்திரத்தையும் வரனையும் பற்றிய பேச்சை எடுக்காமல், "உனக்கு எந்த வேலை பிடித்திருக்கிறது அம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தாங்கள் இருவரும் பேசாதிருங்கள். அவர் உடனே விடை சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு வரை காத்திருங்கள். நான் சொன்ன வழிக்கு மாறாக அவர் நன்கு சிந்தித்து ஒன்றைச் சொல்வாராயின், அவர் சொல்லே ஏற்கத்தக்கது.

மேற்படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எம்.டி.எஸ். மூன்றாண்டுப் படிப்பு, ஒன்பது சிறப்புப் பிரிவுகள் உள்ளன, நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். இரண்டு ஆண்டு மருத்துவமனையில் பணி செய்தால் அந்தக் கதவு அடைபட்டுப் போவதில்லை. தமக்கு அறுவை வருகிறதா, குழந்தைகளோடு பழக வருகிறதா, பல் சீரமைப்பில் மனம் செல்கிறதா என்று தெரிந்த பின் பிரிவைத் தேர்வதே நலம். எவ்வழியாயினும், பயிற்சி முடிந்த சான்றிதழ் கைக்கு வந்தவுடன் மாநிலப் பல் மருத்துவப் பதிவேட்டில் பெயரை நிரந்தரமாகப் பதிவு செய்துவிட வேண்டும். அப்பதிவின்றி மருத்துவமனையிலும் சரி, கிளினிக்கிலும் சரி, ஒரு நோயாளியையும் தொடலாகாது. அதற்கு வேண்டிய சான்றிதழ்களை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.